எலாஸ்டிக் கட்டிய வாக்கி டாக்கி

இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகளில் கையில் போன் கிடையாது என்று பாண்டித்துரை முடிவெடுத்தார். திருப்பூர் வீரபாண்டியில் எட்டு மெஷின் போட்டு ஜட்டி தைத்துக் கொடுக்கும் மனிதர். கல்யாணத்துக்குப் பிறகு அவர் சொந்தமாக எடுத்த முடிவுகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அதிலும் நாலு விரல் மிச்சமிருக்கும். அதனால் முடிவெடுத்த உடனேயே அடுப்படிப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

சகாயராஜ், ராஜா முகமது என்ற இரண்டு கூட்டாளிகளோடு ஞாயிறு காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்புவார். மங்கலத்துக்குப் பின்னால் வறண்ட ஓடை, முள்ளுக்காடு, மண்மேடு என்று ரோடே இல்லாத இடமாகப் பார்த்து ஓட்டுவார்கள். அரசாங்கம் கஷ்டப்பட்டு ரோடு போட்டிருக்கும்போது இவர் ஏன் ஓடையில் ஓட்ட வேண்டும் என்று அவர் மனைவி நாகஜோதிக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஏற்கெனவே இரண்டு தடவை விழுந்தாயிற்று. இரண்டாவது தடவை கையைக் கழுத்தில் தூளி கட்டித் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து நின்றபோது அவள் அழவில்லை, கத்தவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"இன்னொரு தடவை விழுந்தீகன்னா வண்டி சுடலை அண்ணாச்சிக்கு. அன்னைக்கே குடுத்துரணும். கருப்பசாமி மேல சத்தியம் பண்ணுங்க."

பண்ணினார். சுடலை அண்ணாச்சி அனுப்பர்பாளையத்தில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். அந்த பைக்கின் மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண். பெண் பார்க்க வந்தவர் மாதிரி அதைச் சுற்றிச் சுற்றி வருவார்.

சத்தியத்துக்குப் பிறகு போன் தொல்லை ஆரம்பித்தது. "எங்க இருக்கீக?" என்று ஒன்று. "ஏன் மூச்சு வாங்குது?" என்று இன்னொன்று. மூச்சை வைத்தே ஆள் நின்றுகொண்டிருக்கிறாரா கிடக்கிறாரா என்று கண்டுபிடிப்பாள். போன் வீட்டில் இருந்தால் மூச்சாவது தன் கையில் இருக்கும் என்பது பாண்டித்துரையின் கணக்கு. போனுக்குப் பதில் வாக்கி டாக்கி. கூட்டாளிகளோடு பேசலாம், மனைவியோடு பேச முடியாது. அவர் அறிந்த விஞ்ஞானத்தில் இதைவிட உயர்ந்தது இல்லை.

ராஜா முகமதுவின் பனியன் வேஸ்ட் குடோனில் ஆலோசனை நடந்தது.

"அஞ்சு வாட்ஸ் செட்டு மாப்ள. பத்து கிலோமீட்டர் கேக்குமாம். ஆன்லைன்ல கெடைக்குது," என்றார் ராஜா முகமது.

சகாயராஜ் சாயப்பட்டறையில் மாஸ்டர். எதையும் அளந்து ஊற்றுகிறவர். "பத்து கிலோமீட்டர்ல போலீசுக்கும் கேக்கும் மக்கா. அம்புட்டு சக்தியுள்ள செட்டுக்கு கவர்மென்ட் லைசென்ஸ் வேணும். பரீட்சை எழுதி வாங்குற லைசென்ஸும் உண்டு."

"பரீட்சையா?" பத்தாம் வகுப்புக் கணக்கில் மூன்று தடவை கவிழ்ந்த பாண்டித்துரைக்கு வியர்த்தது.

"இல்லன்னா லைசென்ஸ் வேண்டாத சின்ன செட்டு இருக்கு. ஆனா சத்தம் ரெண்டு கிலோமீட்டர் தாண்டாது."

அன்று இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்தாரே தவிரத் தின்னவில்லை. நாகஜோதி பார்த்துக்கொண்டே இருந்தாள். கேட்டாள். அவரும் சொல்லிவிட்டார். காட்டுக்குள் டவர் கிடைப்பதில்லை, பாதுகாப்புக்காகத்தான் என்று நாலு தடவை சொன்னார்.

எகிறுவாள் என்று காத்திருந்தார். அவள் சட்னி ஊற்றினாள்.

"பெரிய செட்டுன்னா புடிப்பாகளோ?"

"புடிக்கலாம்."

"கம்பெனி வாசல்ல போலீசு வந்து நின்னா தைக்கிற புள்ளைக ஒன்னு நிக்காது. சின்னதையே வாங்குங்க."

"ரெண்டு கிலோமீட்டர்தான் கேக்கும், நாகு."

"மூணு ஆம்பளைக பேசுறதுக்கு அது பத்தாதா? மாநாடா நடத்தப் போறீக? ஆமா, அந்தச் சின்ன செட்டுல ஒருத்தர் பேசினா யாருக்கெல்லாம் கேக்கும்?"

"அதே மாதிரி செட்டு வச்சு, அதே சேனல் போட்டா, எல்லாருக்கும் கேக்கும்."

"அப்பச் சரி," என்றாள் நாகஜோதி.

இத்தனை சுலபமாக அவள் சரி சொல்லி அவர் பார்த்ததில்லை. சந்தோஷமும் பயமும் சேர்ந்து ஏப்பமாக வந்தது.

ஒரு பெட்டிக்கு இரண்டு செட். மூன்று பேருக்கு இரண்டு பெட்டி வாங்க வேண்டியதாயிற்று.

"மிச்சம் ஒன்னு இருக்கே?" என்றாள் நாகஜோதி.

"ஸ்பேர்."

"பீரோல வைக்கேன்."

வேண்டாம் என்று வாயெடுத்தார். பிறகு யோசித்துப் பார்த்தார். வீரபாண்டி எங்கே, மங்கலம் எங்கே! பீரோவில் இருக்கும் செட்டுக்குப் பட்டுச்சேலை பேசுவதுதான் கேட்கும்.

ஞாயிறு வந்தது. போனை மேஜை மேல் வைத்துவிட்டுத் திரும்பினால், நாகஜோதி தலைவாரிப் பூ வைத்து நிற்கிறாள்.

"நானும் வாரேன்."

"எங்க?"

"ஒங்க முள்ளுக்காட்டுக்கு இல்ல. மங்கலத்துல நசீம் பானு வீட்டுக்கு. ஒத்தையில கெடந்து பயப்படுறதுக்கு, அவகூடச் சேந்து பயந்துக்கிட்டு இருக்கேன்."

நசீம் பானு, ராஜா முகமதுவின் மனைவி. மறுப்பதற்கு ஒரு காரணமும் தோன்றவில்லை. பின்னால் ஏற்றிக்கொண்டு போனார்.

மங்கலம் ரோட்டில் போலீஸ்காரர் கையைக் காட்டினார். பாண்டித்துரை வண்டியை நிறுத்தும் முன்பே செட்டின் பில்லை எடுத்து நீட்டினார்.

"சார், இது லைசென்ஸ் வேண்டாத செட்டுங்க. சத்தியமா ரெண்டு கிலோமீட்டர் தாண்டாதுங்க."

போலீஸ்காரர் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதை ஆருங்க கேட்டாங்க? வண்டி ஓட்டற லைசென்ஸ எடுங்க."

அது வீட்டில் கிடந்தது. வாக்கி டாக்கியின் யோசனையில் மறந்துபோயிருந்தார். பின்னாலிருந்து நாகஜோதி கைப்பையைத் திறந்து லைசென்ஸை நீட்டினாள். "இவுக மறப்பாகன்னு எடுத்து வச்சேன்."

தப்பித்த நிம்மதியில், அந்தக் கைப்பைக்குள் வேறு என்னென்ன எடுத்து வைத்திருப்பாள் என்று யோசிக்க அவருக்குத் தோன்றவில்லை.

ராஜா முகமதுவின் வீட்டு வாசலில் செட்டைச் சட்டையில் மாட்டினார். கிளிப் லேசாக ஆடியது. திருப்பூரில் எது ஆடினாலும் வைத்தியம் ஒன்றுதான். ஆடுகிற டிபன் மூடிக்கும் எலாஸ்டிக், அவிழ்கிற மூட்டைக்கும் எலாஸ்டிக். ஜட்டி இடுப்புக்குப் போடும் அகல எலாஸ்டிக்கைக் கம்பெனியிலிருந்து சுருட்டிக்கொண்டு வந்திருந்தார். நெஞ்சோடு சேர்த்துச் செட்டைச் சுற்றி இறுக்கினார்.

"பட்டனை அமுக்கினாப் பேசலாம். 'ஓவர்'னு சொல்லி விட்டாத்தான் மத்தவன் பேசுறது கேக்கும். ஒருத்தன் அமுக்கிக்கிட்டே இருந்தா வேற யாரும் பேச முடியாது," என்று சகாயராஜ் பாடம் நடத்தினார்.

"எங்க வீட்டு வழக்கந்தான்," என்றார் பாண்டித்துரை.

கிளம்பினார்கள். ஓடையில் இறங்கும்வரை செட்டு 'கர்ர்' என்று பேசிக்கொண்டே வந்தது. "மக்கா, எடது பக்கம் குழி." "மாப்ள, மெதுவா." பிறகு மேடு பள்ளத்தில் உடம்பு குலுங்க ஆரம்பித்ததும் அதிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. போனும் இல்லை, பேச்சும் இல்லை. முள்ளுக்காட்டில் காற்று மட்டும். கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஓர் அமைதியைப் பாண்டித்துரை அனுபவித்ததில்லை. கூட்டாளிகள் முன்னால் போய் மறைந்தார்கள். இவர் சுகமாகப் பாடிக்கொண்டே போனார்.

ஓடை மணலில் முன் சக்கரம் புதைந்தது. பைக் ஒரு பக்கம், பாண்டித்துரை ஒரு பக்கம்.

அடி பெரிதாக இல்லை. வண்டியின் பக்கக் கண்ணாடி உடைந்திருந்தது. முழங்காலில் பேன்ட் கிழிந்திருந்தது. முதலில் நாலு பக்கமும் பார்த்தார். ஓர் ஆடு மட்டும் நின்றது.

"நீதானா?" என்றார் ஆட்டிடம். "நீ எதையும் பாக்கல. நான் விழல. வண்டிதான் விழுந்துச்சு. கருப்பசாமிக்கு வித்தியாசம் தெரியும்."

ஆடு மென்றது.

"கண்ணாடி எப்பிடி ஒடஞ்சதுன்னு கேப்பா. நிறுத்தி வச்ச வண்டிய ஆடு முட்டிருச்சுன்னு சொல்லிர்றேன். கோச்சுக்காத. பேன்ட்டை நம்ம கம்பெனியிலயே ஓவர்லாக் தையல் அடிச்சு மறைச்சுரலாம். மூச்ச மட்டும் சரி பண்ணிக்கணும். மூச்சுலதான் புடிப்பா அந்த மகராசி. வண்டி போச்சுன்னா நான் அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமையும் மெஷின் முன்னாடியே உக்காந்து செத்துப்போவேன்."

இதைச் சொல்லும்போது குரல் நிஜமாகவே கம்மியது. ஆடுகூட மெல்லுவதை நிறுத்தியது.

நெஞ்சில் ஏதோ குத்தியது. குனிந்து பார்த்தார். குலுங்கிய குலுக்கலில் எலாஸ்டிக் மேலே ஏறி, பேசும் பட்டன் மேல் இறுக உட்கார்ந்திருந்தது. எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. அதைக் கீழே இறக்கினார்.

'கர்ர்.'

"ஒரு வழியா விட்டீகளா?"

நாகஜோதி. ஆடு ஓடிவிட்டது.

"நாகு... நீ எங்கருந்து..."

"நசீம் வீட்டு மொட்ட மாடியில. ஸ்பேரு சும்மாதான கெடந்துச்சு. நீங்க பாட ஆரம்பிச்சதுல இருந்து கேக்கோம். அடி பலமா?"

"இல்ல."

"ஆட்டு மேல சத்தியமா?"

"சத்தியமா."

"மெதுவா எந்திரிங்க. சகாயராஜ் அண்ணனுக்கும் கேட்டிருக்கும், தேடி வருவாக. தண்ணி குடிங்க." அவள் குரலும் லேசாகக் கம்மியிருந்தது. பாண்டித்துரைக்குக் கொஞ்சம் நம்பிக்கை துளிர்த்தது.

"நாகு, அந்தச் சத்தியத்தப் பத்தி..."

'கர்ர்' என்றது. மாடியில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். நசீம் பானுவின் செருமல் இல்லை அது.

"ஏங்க, எதுக்கும் இருக்கட்டும்னு சுடலை அண்ணாச்சியையும் வரச் சொல்லியிருந்தேன். பக்கத்துலதான் நிக்காக. வண்டி ஸ்டார்ட் ஆகுதான்னு கேக்காக. ஓவர்."