ஆடிக் கூழும் குதிரை பாயின் மேடமும்

மனிதர்களைப் பதறடிப்பதில் குதிரை பாயை மிஞ்ச அம்பத்தூர் வட்டாரத்திலேயே ஆள் கிடையாது. மேனாம்பேட்டில் நான் வாடகைக்குக் குடிபோன முதல் நாள் காலை, வாய் நிறைய பேஸ்ட் நுரையோடு ஜன்னலைத் திறக்கிறேன். ஒரு சாண் தூரத்தில் வெள்ளைக் குதிரை முகம்! "ஐயோ!" என்று அலறியதில் நுரை முழுக்க அதன் மூக்கில்.

"இன்னா சார் இப்டி கத்துற? மேடம் பயந்துட்டாங்க பாரு!" என்று குதிரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் அதட்டியது.

அதுதான் குதிரை பாய். சொந்தப் பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுவது தொழில். வீட்டு ஓனரையே "வாப்பா, போப்பா" என்பவர், அந்தக் குதிரையை மட்டும் 'மேடம்' என்பார்; மரியாதையில் ஒரு குறை வைக்க மாட்டார்.

டீக்கடையில் முந்தாநாள் பன்னைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குகிற மனிதர், மேடத்தின் புல்லைக் கட்டுக் கட்டாகப் பிரித்து முகர்ந்து பார்ப்பார். தூசி இருந்தால் உதறுவார். பூஞ்சை வாடை அடித்தால் புல்லுக்காரன் அன்றைக்குத் தொலைந்தான். ஒரு நாள் ஆபீஸ் கிளம்பிய என்னை வாசலில் மறித்து, ஊறின கொள்ளு ஒரு பிடியைக் கையில் கொட்டினார்.

"துன்னு பாத்து சொல்லு சார், புளிச்சுக் கீதா?"

"நான் எதுக்கு பாய்?"

"எனக்கு ஜல்பு, மூக்கு அடைச்சுக்கினு கீது. மேடம் வாயில வெக்கறதுக்கு முன்னாடி யாராச்சும் பாக்கணும்ல?"

தின்றேன். வேறு என்ன செய்வது? சாயங்காலம் வரை ஏப்பம் கொள்ளு வாசனையோடுதான் வந்தது.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அண்ணனூரில் ஒரு கல்யாண ஊர்வலம். பேண்டு வாத்தியம் முழங்க, பட்டாசு வெடிக்க, மாப்பிள்ளை மேலே ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார். பாய் நடு ரோட்டில் நின்றுவிட்டார்.

"மாப்ளே, எறங்கு."

"என்ன பாய், மண்டபம் இன்னும் வரலியே?"

"மேடத்துக்கு வேர்த்துப் போச்சு. ஆறட்டும். நீ நடந்து வா, ஒடம்புக்கு நல்லது."

மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக நடந்தார். மேடம் பின்னால் காற்று வாங்கிக்கொண்டே வந்தார்கள். பெண் வீட்டார் ஆரத்தித் தட்டோடு யாருக்குச் சுற்றுவது என்று திகைத்து நின்றதை நான் இந்தக் கண்ணால் பார்த்தேன்.

போன ஆடி மாதம் நடந்ததுதான் எல்லாவற்றுக்கும் மேல். எங்கள் தெரு அம்மன் கோயிலில் அன்று கூழ் ஊற்றுகிறார்கள். சேணத்தைத் தைத்து வாங்க பாய் பூந்தமல்லிக்குக் கிளம்பினார். மேடத்தைப் பந்தல் நிழலில் கட்டிவிட்டு, "யாரும் ஒண்ணும் குடுக்கக்கூடாது, ஆமா!" என்று எல்லாரையும் மிரட்டிவிட்டுத்தான் போனார். கூழுக்குப் பொறுப்பு அஞ்சலை அக்கா. இட்லிக் கடைக்காரி, இளகின மனசு.

நான் சொம்போடு போனபோது அண்டா காலி. மேடத்தின் தாடையெல்லாம் கேழ்வரகு.

"என்னக்கா இது? பாய் ஒண்ணும் குடுக்காதேன்னாரே?" என்றேன்.

"சோறு, பழம் குடுக்காதேன்னாரு. இது ஆத்தா கூழு சார்! பிரசாதத்தப் போயி வேணாம்னு யாராச்சும் சொல்லுவாங்களா?"

அக்கா ஒரு வாளி வைக்க, புண்ணியம் தனக்கும் சேரட்டும் என்று வீட்டுக்கு வீடு ஆளுக்கொரு குண்டான் வைத்திருக்கிறார்கள்.

கொஞ்ச நேரத்தில் மேடம் காலால் தரையைக் கீறினார்கள். திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தார்கள். அப்புறம் தடாலென்று விழுந்து புரண்டார்கள். தெருவே வெலவெலத்துப் போயிற்று. அந்த நேரம் பார்த்து பாய் வந்து இறங்கினார். சேணம் கையிலிருந்து நழுவியது.

"யா அல்லாஹ்! இன்னாடா குட்த்தீங்க?"

அக்கா கூழ் கொடுத்ததைச் சொன்னார். பாய் திட்டவில்லை. அதுதான் எங்களுக்குப் பெரிய அதிர்ச்சி. தலையில் அடித்துக்கொண்டார். "குதிரைக்கு வாந்தி எடுக்க வராதுக்கா. துன்னது கீழதான் போவணும். போவலன்னா உசுரு போயிடும்."

கால்நடை டாக்டர் வந்தார். ஊசி போட்டார், மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் இறக்கினார். "நடத்திக்கிட்டே இருங்க, படுத்துப் புரள விடாதீங்க. லத்தி போட்டா பொழைச்சுக்கும். இல்லேன்னா என் கையில இல்ல" என்றார்.

பாய் நடத்தினார். கயிற்றை யார் கேட்டும் தரவில்லை. "தப்பு எதுனா செஞ்சிருந்தா மன்னிச்சுக்கோங்க மேடம், என்ன வுட்டுட்டு மட்டும் போயிடாதீங்க" என்று கழுத்தைத் தடவிக்கொண்டே தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். பின்னால் நாங்கள் எல்லாரும் நடந்தோம். ஒரு குதிரையின் பின்புறத்தை ஒரு தெருவே அத்தனை பக்தியோடு பார்த்தபடி நடந்ததை வேறெங்கும் கண்டதில்லை. அஞ்சலை அக்கா அம்மனுக்கு மொட்டை வரைக்கும் வேண்டிக்கொண்டுவிட்டார்.

விளக்கு வைக்கிற நேரம். மேடம் நின்றார்கள். வாலைத் தூக்கினார்கள். பொத், பொத் என்று விழுந்தது.

அப்போது எழுந்த விசில் சத்தம் எந்தத் தேர்தல் வெற்றிக்கும் கேட்டதில்லை. கோயில் மைக்கில் பாட்டை நிறுத்திவிட்டு, "பக்தகோடிகளுக்கு ஓர் மகிழ்ச்சியான செய்தி, நம்ம பாய் குதிரை லத்தி போட்டுருச்சு!" என்று அறிவித்தார்கள். பூசாரி மணியடித்தார்.

டாக்டர் வயிற்றில் காது வைத்துக் கேட்டுவிட்டு, "இனி பயமில்ல" என்றார். பாய் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அஞ்சலை அக்கா அழுதுகொண்டே காலில் விழப் போனார்.

"அட, வுடுக்கா. காலீலேர்ந்து பச்சத் தண்ணி பல்லுல படல. எனக்குக் கூழு எங்க?"

"அத்தினியும் உன் மேடம் வயித்துல பாய்!"

அக்கா ஓடிப்போய்த் தட்டில் இட்லி கொண்டுவந்தார். பாய்க்கு ஒரு கையில் கயிறு, இன்னொரு கையில் தட்டு. இட்லியைப் பிய்க்க முடியவில்லை.

"கயித்த என்கிட்ட குடுங்க பாய், நீங்க சாப்பிடுங்க" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கயிற்றை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார். "கெட்டியா புடிக்காத சார். சும்மா கூட நில்லு, போதும்."

நின்றேன். மேடத்தின் மூச்சு என் தோளில் சூடாக விழுந்தது. பாய் சாப்பிட்டு முடிக்கிறவரை நான் அசையவே இல்லை. அவர் இன்னும் இரண்டு இட்லி தின்றால் தேவலை என்றிருந்தது.