கொக்கோடு மோதிய நத்தை

அருங்காட்சியக வாசல் கூடத்தில் காலியாக இருந்தது ஒரே ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குப் போட்டியிட்ட இரண்டு பேரும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகிறவர்கள்.

நம்மவர் செத்த பறவைகளைப் பாடம் செய்து, உயிருள்ளதுபோல நிறுத்திவைப்பவர். மூன்று மாதம் உயிரைக் கொடுத்து ஒரு கொக்கைச் செய்திருந்தார். கொக்குக்கு மட்டும் அது வரவில்லை. அம்மையார் நத்தைப் பிரிவு. அவருடையது உயிருள்ள மர நத்தை. தோற்றது கிடங்குக்குப் போகும். அங்கே பூச்சி இறகை அரித்துவிடும்.

"இந்த டப்பாவை ஃபேனுக்குக் கீழ வெச்சுடாதீங்க. காஞ்சா நத்தை ஓட்டுக்குள்ள போய் மூடிக்கும்" என்றார் அம்மையார், போட்டிக்கு ஒரு வாரம் முன்பு.

"உன் நத்தை எனக்கெதுக்கு?" என்ற நம்மவர், அன்றே டப்பாவுக்குள் விரித்திருந்த ஈரத்துணியை உருவி, அதை ஃபேனடியில் வைத்தார். வாரம் முழுக்க அம்மையார் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மறதிக்காரி என்று சிரித்துக்கொண்டார்.

போட்டி நாளன்று, பெட்டி யாருக்கென்று முடிவு செய்ய அருங்காட்சியகக் காப்பாட்சியர் வந்தார். "ரெண்டையும் ஒப்பிட்டுச் சொல்லுங்க."

நம்மவர் முந்திக்கொண்டார். "கொக்கு கழுத்தைப் பாருங்க சார், கண்ணைப் பாருங்க. நத்தை கதவைச் சாத்திட்டுத் தூங்குது. வர்றவங்க எதைப் பார்ப்பாங்க?"

உண்மைதான். ஓட்டின் வாயில் வெள்ளை ஏடு படிந்து, குச்சியில் ஒட்டிக் கிடந்தது.

"ரெண்டுமே ஈரத்துல வாழறதுதானே? ஆளுக்கு நாலு சொட்டுத் தண்ணி தெளிப்போம்" என்றார் அம்மையார்.

"கொக்கு மேல படக்கூடாது. இறகு கெட்டுடும்."

"சரி, என்னோடதுக்கு மட்டும்."

தெளித்தார். ஐந்து நிமிடம் ஒன்றும் அசையவில்லை. காப்பாட்சியர் கடிகாரத்தைப் பார்த்தார். வராதே, வராதே என்று நம்மவர் மனதுக்குள் நத்தையிடம் கெஞ்சினார்.

ஏழாவது நிமிடம் ஏடு பிரிந்தது. ஒரு கொம்பு வந்தது. பிறகு இன்னொன்று. காவலாளி ஓடி வந்தார். பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள் துடைப்பத்தோடு நின்றுவிட்டார். காப்பாட்சியரோ தரையில் குந்தியே விட்டார்.

"மாசம் ஒரு தடவை இப்படி எழுப்பிக் காட்டலாம். பெட்டி நத்தைக்குத்தான்."

நம்மவர் கொக்கைக் கட்டிப்பிடித்துக் கிடங்குக்கு நடந்தார். அம்மையார் கதவைத் திறந்துவிட்டார்.

"தூங்க வைக்க ஒரு வாரம் விடாம காய வைக்கணும்ங்க. எனக்குப் பாவமா இருக்கும், நடுவுலயே தண்ணி தெளிச்சுடுவேன். அதான் ஃபேனுக்குக் கீழ வெச்சுடாதீங்கன்னு உங்ககிட்ட சொன்னேன்."