தெருவை உடைத்துப் பார்த்தவர்

“நல்ல தெருதான் சார். யாரை வேணா கேட்டுப் பாருங்க” என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் கதவைச் சாத்திக்கொண்டார்.

யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்கிறார்கள் என்பதுதான் பரிசோதகரின் கவலை. அவர் பிஸ்கெட் தொழிற்சாலைப் பரிசோதகர். பெல்ட்டில் நகர்ந்து வருவதில் பத்துக்கு ஒன்றை எடுத்து, உடைத்து, மென்று, தேறுமா தேறாதா என்று சொல்ல வேண்டும். வாடகைக்கு வீடு பார்க்க வந்த தெருவிலும் அதே கணக்கில் பத்தாவது வீடு, இருபதாவது வீடு என்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். கிறுக்குத்தனம்தான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் மனிதரின் நிலைமையையும் பார்க்க வேண்டும்.

இருக்கிற வீட்டை இடிக்கப் போகிறார்கள். மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். இதற்கு முன்னால் அவர் சல்லடை போட்டுச் சலித்து எடுத்துக் குடிபோன தெருக்களில் ஒன்றில், விடிந்தால் அடைந்தால் மரம் அறுத்தார்கள். இன்னொன்றில் குப்பைத் தொட்டியை யார் வாசலில் வைப்பது என்று தெருவே இரண்டாகப் பிரிந்து மல்லுக்கு நின்றது.

“இந்தத் தடவையும் சொதப்பினீங்க, நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். நீங்க பிஸ்கெட்டோட குடித்தனம் பண்ணுங்க” என்று மனைவி சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

காலியாக இருந்த வீடு என்னவோ அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. சமையலறையில் பெரிய ஜன்னல். அதன் முன்னால் நின்று மனசுக்குள்ளேயே பாத்திரங்களை அடுக்கி முடித்துவிட்டாள். வீடு தேறிவிட்டது, தெரு தேறுமா என்பதுதான் பாக்கி.

சொந்தத் தெருவை எவன் விட்டுக்கொடுப்பான்? குறை கேட்க வந்தவனிடம்தானே குறையைச் சொல்வான்? பரிசோதகருக்குப் பளிச்சென்று ஒரு யோசனை உதித்தது. அடுத்த கதவைத் தட்டினார். கழுத்தில் அளவு நாடாவோடு ஒரு தையல்காரர் எட்டிப் பார்த்தார்.

“தண்ணி ஆபீஸ்லேர்ந்து வர்றேன். ஏதாவது குறை இருக்கா?”

அவ்வளவுதான். தையல்காரர் தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “எல்லாரும் வாங்கய்யா! தண்ணி ஆபீஸ்லேர்ந்து ஆள் வந்திருக்கு!”

கண்மூடித் திறப்பதற்குள் பரிசோதகரைச் சுற்றிக் கூட்டம்.

“மாசக்கணக்கா குழாயில காத்துதான் சார் வருது!”

“உங்க வீட்டுல காத்தாவது வருது. எங்க குழாய் மூச்சே விடறதில்ல!”

பரிசோதகருக்கு ஆர்வம் தாங்கவில்லை. “அப்புறம் எப்படிச் சமாளிக்கிறீங்க?”

“கோடியில டீச்சரம்மா வீட்டுக் குழாய்ல மட்டும் வருது. அவங்க கதவைப் பூட்டறதே இல்ல. கைக்குழந்தை இருக்கற வீட்டுக்கு முதல்ல, வேலைக்குப் போறவங்களுக்கு அடுத்தது.”

“சண்டை வராதா?”

“சண்டை போட்டா தொண்டைதான் வறளும், குடமா நிறையும்?” என்றார் தையல்காரர்.

பரிசோதகருக்குக் கண் கலங்கிவிட்டது. தண்ணீர் இல்லாத தெருவில் சண்டை இல்லையென்றால் அது தங்கமான தெரு அல்லவா! வாழ்ந்தால் இவர்களோடு வாழ வேண்டும்.

“எப்ப சார் சரி பண்ணுவீங்க?”

சந்தோஷத்தில் வாய் முந்திக்கொண்டது. “வெள்ளிக்கிழமை!”

வீட்டில் இதைக் கேட்ட மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். “குடி போகப்போற தெருவுலயே பொய் சொல்லிட்டு வந்து நிக்கறீங்களே! வெள்ளிக்கிழமை தண்ணி வரலைன்னா டீச்சரம்மா வீட்டுல நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு குடத்தை நீட்டறது?”

“வேணும்னா மீசையை எடுத்துடறேன். அடையாளம் தெரியாது.”

“உங்க மீசையை எடுத்தா குழாய் அடைப்பு போயிடுமா?”

நியாயமான கேள்வி. மறுநாள் லீவு போட்டுவிட்டு நிஜமான தண்ணீர் ஆபீசுக்கே போய் நின்று, தெருவின் பெயரைச் சொன்னார்.

“வெள்ளிக்கிழமை சரி பண்றதா உங்க ஆபீசர் சொல்லியிருக்கார் சார். ஞாபகப்படுத்திட்டுப் போலாம்னு வந்தேன்.”

இன்ஜினியர் நிமிர்ந்தார். “எங்க ஆளுங்க யாரும் அந்தப் பக்கமே போகலையே. யார் அது?”

பரிசோதகர் மீசையைத் தடவிக்கொண்டார். “பேர் தெரியாது சார். பத்து வீட்டுக்கு ஒரு வீடா கதவைத் தட்டி விசாரிச்சார்.”

“பத்துக்கு ஒண்ணா?” இன்ஜினியருக்கு முகம் வெளிறியது. பக்கத்து மேஜைக்காரரைப் பார்த்தார். “ஐயையோ, மேலிடத்துலேர்ந்து ரகசியமா சோதனைக்கு வந்திருக்காங்க! அவங்கதான்யா இப்படிப் பொறுக்கிப் பொறுக்கிப் பார்ப்பாங்க. ஆள் எப்படி சார் இருந்தார்?”

“ரொம்பக் கண்டிப்பானவர்” என்றார் பரிசோதகர்.

அன்று மத்தியானமே தெருவைத் தோண்டினார்கள். வெள்ளிக்கிழமை காலையில் ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. சாயங்காலம் பரிசோதகர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, மனைவியோடு முன்பணம் கொடுக்கக் கிளம்பினார். தையல்காரர் எழுந்து நின்று ஒரு கும்பிடு போட்டார். மனைவி முதல் தடவையாகக் கணவரைப் பெருமையாகப் பார்த்தாள்.

வீடு திறந்திருந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த வீட்டுக்காரம்மா அந்தப் பெரிய ஜன்னலுக்கு முன்னால் நின்று பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். கூடத்தில் மூட்டை முடிச்சுகள்.

“வீடு பார்த்துட்டுப் போனவங்கதானே? வாங்க. உங்களுக்குச் சொல்லி அனுப்பணும்னுதான் இருந்தேன், கோவிச்சுக்காதீங்க. தண்ணி இல்லாமத்தான் வீட்டை வாடகைக்கு விட்டுடலாம்னு மக வீட்டுல போய் ஒண்டிக்கிட்டு இருந்தோம். இப்பதான் கொட்டோ கொட்டுன்னு கொட்டுதே! நாங்களே வந்துட்டோம்.”

பரிசோதகர் மனைவியின் பக்கம் திரும்பவில்லை. திரும்பும் தைரியம் இல்லை.

வீட்டுக்காரம்மா குழாயைத் திறந்துவிட்டு, கொட்டுகிற தண்ணீரை இரண்டு கையாலும் ஏந்திக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“யாரோ ஒரு மகராசன் ஆபீஸ்லேர்ந்து வந்து வீடு வீடா விசாரிச்சாராமே, எல்லாம் அவர் புண்ணியம். அந்த மனுஷன் பெண்டாட்டியோட ஒரு நல்ல வீட்டுல, நல்ல தெருவுல நிம்மதியா இருக்கணும்!”