தனி ஆவர்த்தனத்துக்கு ஒரு தாழ்ப்பாள்

கதவைச் சாத்திவிடலாம் என்ற யோசனை எனக்கு உதித்தபோது என் கையில் காபி டம்ளர் இருந்தது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் நான் சங்கீதத்தின் காவலன் மாதிரி நடந்துகொள்ளும் இடங்களில் உங்களுக்கு உபயோகப்படும்.

எண்பதுகளின் பம்பாயில் எனக்கு இருபத்திரண்டு வயது. வாரம் முழுக்க குமாஸ்தா, சனி ஞாயிறில் ரசிகன். சனிக்கிழமை தாராவியில் தெருவை அடைத்துப் போட்ட மேடையில் மெல்லிசை, ஞாயிறு காலை மாட்டுங்காவில் பஜனை, மாலை செம்பூரில் கச்சேரி. எங்கே மைக் கட்டினாலும் நான் போய் நின்றுவிடுவேன். ("இந்தப் பிள்ளையாண்டான் மைக் செட்டோடயே வாடகைக்கு வரானா?" என்று ஒரு மாமி கேட்டதாகத் தகவல்.)

செம்பூரில் மிருதங்கம் என் நண்பன் சேகர். பாங்கில் வேலை, மனசெல்லாம் மிருதங்கத்தில். கச்சேரியில் பாட்டை நிறுத்தி, மிருதங்கத்தை மட்டும் தனியாக வாசிக்கவிடும் கால்மணி நேரத்துக்குத் தனி ஆவர்த்தனம் என்று பெயர். செம்பூரில் அதற்குக் காபி என்று அர்த்தம். முதல் தட்டு விழுந்ததும் நாற்காலிகள் கிறீச்சிடும், ஜனங்கள் வராந்தாவுக்குப் பாய்வார்கள். தாராவியிலிருந்து வந்து அங்கே கான்டீன் போடும் இசக்கி அண்ணாச்சி, பாடகரின் குரல் ஏறுவதை வைத்தே பாலை அடுப்பில் ஏற்றிவிடுவார். அவருக்கு இருந்த தாள ஞானம் சபா கமிட்டியில் ஒருவருக்கும் கிடையாது.

அந்த ஞாயிறும் கச்சேரி முடிந்து சேகர் வெளியே வந்தபோது நான் இரண்டாவது டம்ளரில் இருந்தேன்.

"எப்படிடா இருந்தது?"

"பிரமாதம்டா! முடிக்கறப்போ வாசிச்ச அந்தத் தீர்மானம்..."

"நான் காபியைக் கேட்டேன்."

எனக்குக் காது சிவந்துவிட்டது. அவன் வராந்தாச் சுவரில் சாய்ந்துகொண்டான். "நாக்பூருக்கு பிரமோஷன் போட்டிருக்கா. அங்க போனா வாசிப்பு அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு மெட்ராஸ்லேந்து பெரிய பாடகர் வரார், நான்தான் வாசிக்கறேன். அன்னிக்கும் நாற்காலிக்குத்தான் வாசிக்கணும்னா, போதும்டா, திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுடுவேன்."

அப்போதுதான் கவனித்தேன். ஹாலின் இரண்டு கதவுகளுக்கும் வராந்தாப் பக்கமாகவே தாழ்ப்பாள் இருந்தது.

அடுத்த ஞாயிறு பாட்டு நின்று, மிருதங்கத்தில் முதல் தட்டு விழுவதற்கும் நான் இரண்டாவது தாழ்ப்பாளைப் போடுவதற்கும் சரியாக இருந்தது.

"தம்பி, வெளாடுதியளா?" என்றார் இசக்கி அண்ணாச்சி. "அறுவது காப்பி கலந்து வச்சிருக்கேன்."

"கமிட்டி ஆர்டர் அண்ணாச்சி. தனி முடியற வரைக்கும் திறக்கப்படாது."

"ஒங்க கமிட்டியா வந்து அறுவதையும் குடிக்கும்?"

நான் கட்டடத்தைச் சுற்றி ஓடி, பின்பக்கமாக மேடைத் திரை ஓரத்தில் போய் நின்றுகொண்டேன்.

வழக்கம்போல முதலில் எழுந்தவர் ஓர் ஆடிட்டர். கதவைத் தள்ளினார், இழுத்தார், மறுபடி தள்ளினார். அவருக்குப் பின்னால் குர்லா ஸ்டேஷன் மாதிரி கூட்டம் சேர்ந்தது. ஆனால் கச்சேரி நடக்கும்போது சத்தம் போடுவது அநாகரிகம் அல்லவா? (நடுவில் எழுந்து போவது மட்டும் நாகரிகம்.) ஆகவே எல்லோரும் கிசுகிசுப்பாகவே திட்டிவிட்டு, ஒவ்வொருவராகத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

மேடையிலிருந்து சேகர் பார்த்தது இதைத்தான். எழுந்து போனவர்கள் அவன் வாசிப்பைக் கேட்டுத் திரும்பி வருகிறார்கள்! அவன் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. கால்மணியில் முடிக்கவேண்டியவன் முதலிலிருந்து ஆரம்பித்தான். பாடகர் 'போதும்' என்று கையைக் காட்டினார். சேகர் அதை ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டான். வெளியே இசக்கி அண்ணாச்சி பொறுமையிழந்து கரண்டியால் கதவைத் தட்ட, யாரோ பரம ரசிகர் தாளம் போடுகிறார் என்று நினைத்து அதற்கும் பதில் வாசித்தான். வயலின்காரர் துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டார். கதவை ஓடிப்போய்த் திறக்கலாம் என்று எனக்கு நாலைந்து தடவை தோன்றியது. சேகரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

முக்கால் மணி நேரம்!

கடைசித் தட்டு விழுந்த அதே நொடியில் அண்ணாச்சி தாழ்ப்பாளைத் திறந்துவிட்டார். அணை உடைந்தது. பாடகர் பாட்டை மறுபடி எடுத்தபோது ஹாலில் மிச்சமிருந்தவர் தூங்கிப்போன ஒரு மாமா மட்டுமே.

"கதவுக்கு என்ன ஆச்சு?" என்று செக்ரட்டரி கத்திக்கொண்டு வந்தார். அண்ணாச்சி என்னை ஒரு தரம் பார்த்தார். "மழைக்கு மரம் உப்பிப் போச்சு சார்" என்றார். செக்ரட்டரி போனதும் அண்ணாச்சி ஆறிப்போன டம்ளர்களை என் முன்னால் வரிசையாக வைத்தார். "குடிங்க தம்பி. கமிட்டி ஆர்டரு."

ஏழாவது டம்ளரில் இருந்தபோது சேகர் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டான். "பார்த்தியாடா? தனிக்கு ஒருத்தர் வெளில போகல! பாட்டு ஆரம்பிச்சதும்தான் எல்லாரும் எழுந்துண்டா!"

வாய் நிறையக் காபி. அதனால்தான் உண்மையைச் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை அவன் நாக்பூருக்குக் கையெழுத்துப் போடவில்லை. வேலையையே ராஜினாமா செய்துவிட்டான். அவன் அம்மா நான் குடியிருந்த மாட்டுங்காவுக்கே என்னைத் தேடி வந்துவிட்டாள். "நீ கூடவே இருந்தியேடா, நெஜமாவே அப்படியா வாசிச்சான்?"

"ஒருத்தராலயும் வெளில போக முடியல மாமி" என்றேன். இதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை.

அதற்குப் பிறகு சேகர் நன்றாகவே வாசித்தான், வாசிக்கிறான். மாணவர்கள் வருகிறார்கள், குடும்பம் ஓடுகிறது. அவன் தனிக்கு ஜனங்கள் இன்றும் எழுந்து போகிறார்கள். ரசனை கெட்டுவிட்டது என்பது அவன் கட்சி. யாரைப் பார்த்தாலும் என் தோளைத் தட்டுவான். "அந்தக் காலத்துல ஒருத்தர் அசையமாட்டா. இவன்தான் சாட்சி." என் வீட்டிலோ, யாராவது பாத்ரூமில் அதிக நேரம் இருந்தால் வெளியிலிருந்து குரல் வரும்: "தனி ஆவர்த்தனமா?"

இதைத் தைரியமாக எழுதக் காரணம், பம்பாயிலேயே படித்த சேகருக்குத் தமிழ் வாசிக்க வராது. அவன் மனைவிக்கு வரும் என்பது இப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆகவே அவள் கையில் இது கிடைப்பதற்குள், வருகிற ஞாயிற்றுக்கிழமை செம்பூர் போய் நானே சொல்லிவிடப் போகிறேன். நாற்பது வருஷம் தோலை அறைந்து பழகிய கை. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தே சொல்வதாக உத்தேசம்.