காலையில் கீழாண்ட, மத்தியானம் மேலாண்ட

ஐரோப்பாவின் பனிமலைகளை எங்கள் சறுக்கல் சார் அளவுக்குக் கரைத்துக் குடித்தவர் இந்த உலகத்தில் கிடையாது. அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இத்தனைக்கும் அவர் மயிலத்துக்காரர். வாழ்நாளில் கையால் தொட்டுப் பார்த்த ஒரே பனி, பிரிட்ஜின் மேல்தட்டில் கட்டிக்கொள்வதுதான்.

விழுப்புரத்தில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். ஆல்ப்ஸ் மலைக்குப் பனிச்சறுக்கு விளையாடப் போகிறவர்கள் அங்கிருந்து போன் போட்டு, இன்றைக்கு எந்தச் சரிவுக்குப் போகலாம் என்று கேட்பார்கள். நாங்கள் இங்கே மின்விசிறிக்குக் கீழே வியர்த்துக்கொண்டே பதில் சொல்ல வேண்டும். சிரிக்காதீர்கள், இப்படியும் ஒரு வேலை இருக்கிறது. கம்பியில் தொங்கிப் போகிற நாற்காலிகளை லிஃப்ட் என்கிறார்கள். அந்த லிஃப்டுகளாலேயே ஐந்து பள்ளத்தாக்குகளை இணைத்து ஒரே மைதானமாக்கி வைத்திருக்கிறார்கள். முதல் பள்ளத்தாக்கில் காபி குடித்துவிட்டு ஏறி, சறுக்கி, மறுபடி ஏறி, மறுபடி சறுக்கினால் ஐந்தாவதில் மத்தியானச் சாப்பாடு. சரிவுகளுக்குப் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று நிறம் வேறு. பச்சையில் குழந்தையும் போகலாம். கறுப்பில் போகிறவர் வீட்டில் எல்லோரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது நல்லது.

இந்த மைதானத்தின் வரைபடத்தைப் பார்த்தால் எனக்கு வாந்தி வரும். சறுக்கல் சாருக்கு மட்டும் பசி எடுக்கும். இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் அவர் திண்டிவனத்தில் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் டைம் கீப்பர். எந்த வண்டியை விட்டால் எந்த வண்டி கிடைக்கும் என்று முப்பது வருஷம் யோசித்த மூளை. எங்கள் ஆபீசில் அடையாள அட்டையில் 'பனிச்சறுக்கு ஆலோசகர்' என்று போட்டுக் கொடுத்தார்கள். கீழே டீக்கடைக்காரர் அதைப் படித்துவிட்டு, "சறுக்கல் சாருக்கு ஒரு டீ" என்று குரல் கொடுத்தார். அதோடு அவருடைய நிஜப்பெயர் முடிந்து போனது.

முதல் வாரமே பெரிய கலாட்டா. பனிச்சறுக்கில் வெயிலைப் பின்தொடர்ந்து போக வேண்டும். காலையில் கிழக்கே பார்த்த சரிவு, மத்தியானம் மேற்கே பார்த்த சரிவு. நிழலில் கிடக்கும் பனி கண்ணாடி மாதிரி இறுகிவிடும். சறுக்கல் சார் என்ன செய்தார் தெரியுமா? போன் செய்த அத்தனை பேரையும் தேடித்தேடி நிழல் சரிவுக்கே அனுப்பினார். ஒரு வாரத்தில் எத்தனை இடுப்பு எலும்புகள் புகார் கொடுத்தன என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டார். சார் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்:

"வெயில்ல போயி நில்லுன்னு ஒரு மனுசனப் பாத்து எப்படி சார் சொல்றது? எனக்கு வாய் வர்ல."

அதற்கப்புறம் அவர் தேறிய வேகம் பயங்கரம். இரண்டு பள்ளத்தாக்குகள் சேரும் உச்சிக்கு, எங்கள் பக்கம் சாலைகள் கூடும் இடத்தைச் சொல்வது போல, 'கூட்ரோடு' என்று பெயர் வைத்தார். ஐந்தாவது பள்ளத்தாக்கில் மாட்டிக்கொண்டால் மலையைச் சுற்றி டாக்ஸியில் மணிக்கணக்கில் வரவேண்டும் என்பதால், கடைசி லிஃப்ட் விஷயத்தில் மட்டும் கறார். "மேடம், லாஸ்ட் லிஃப்ட் மிஸ், லைஃப் வேஸ்ட்" என்று அவர் சொல்வது டைல்ஸ் கடை வரைக்கும் கேட்கும். சரிவைத் தேர்ந்தெடுக்கவும் அவருக்கு ஒரே ஒரு கேள்விதான். உங்கள் கூட்டத்தில் முதலில் அழப்போவது யார்? இதை ஆங்கிலத்தில் கேட்பார்.  அந்தப் பக்கம் ஒரு அம்மாள் மெதுவாக, "என் வீட்டுக்காரர்" என்பாள். அந்த வீட்டுக்காரருக்கு ஏற்ற சரிவாகப் பார்த்துச் சொல்வார். எல்லோரும் சந்தோஷமாகத் திரும்பி வருவார்கள்.

இதெல்லாம் சிரிக்கிற விஷயம். சிரிக்க முடியாத விஷயமும் இருந்தது.

மார்ச் மாதத்தில், மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஷிப்ட் தொடங்கும்போது மனிதர் ஸ்வெட்டரை மாட்டுவார். மேலே மப்ளர். அதற்கு மேலே குரங்குக் குல்லா. பார்க்கிற எங்களுக்கு வேர்க்குரு வரும். திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டு, "மேல காத்து எடுத்துக்கிச்சி. மூடப்போறான்" என்பார். கம்ப்யூட்டரில் வெயில் சிரித்துக்கொண்டிருக்கும். பத்து நிமிஷத்தில், பலத்த காற்றால் மேல் லிஃப்ட் நிறுத்தம் என்று அறிவிப்பு வரும். ஒருமுறை, இருமுறை என்றால் பரவாயில்லை. ஒவ்வொரு முறையும் வந்தது. எனக்கு அவர் பக்கத்து நாற்காலி. மாற்றிக் கொடுங்கள் என்று இரண்டு தடவை எழுதிக் கொடுத்தேன், யாரும் மாற்றவில்லை.

அந்தக் கூட்ரோட்டில் ஒரு கேமரா உண்டு. அங்கே நடப்பது அப்படியே எங்கள் திரையில் தெரியும். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். வண்ண வண்ணமாக உடுத்திய கூட்டத்துக்கு நடுவில் ஒரு ஆள். காலில் சறுக்குப்பலகை இல்லை. தலையில் குரங்குக் குல்லா, மார்பில் குறுக்கே போட்ட மப்ளர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வந்து போகிற நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் நிற்பாரே, அதே நிற்பு.  பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். காலி.

கொஞ்ச நேரத்தில் சறுக்கல் சார் வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"சார், இது நீங்கதான?" என்று திரையைக் காட்டினேன். அதற்குள் அந்த இடத்தில் யாருமில்லை.

"நான் கீழ தக்காளி சோறு சாப்ட்டுக்கினு இருந்தேன்பா. உனக்கு இன்னா, பித்தம் ஏறிக்கிச்சா?"

போய் டீக்கடைக்காரரைக் கேட்டேன். எங்கள் கட்டடத்துக்கு இருப்பது ஒரே படிக்கட்டு, அது இறங்குவது அவர் கடை வாசலில். "சாரா? இன்னிக்கி கீழயே எறங்கலயே" என்றார். நான் அதற்கு மேல் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

இப்போது ஃபிலோமினா விஷயத்துக்கு வருகிறேன்.

பிரான்சிலேயே பிறந்து வளர்ந்த பெண். ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பா அம்மா விழுப்புரம் பக்கத்துக் கண்டமங்கலத்துக்காரர்கள். தன் எட்டு வயது மகளை முதல்முறையாகப் பனிச்சறுக்குக்குக் கூட்டிப் போயிருந்தாள். காலையில் போன் செய்து சாரின் ஆங்கிலத்தை நாலு வார்த்தை கேட்டதுமே, "சார், நீங்க தமிழா?" என்றாள். சறுக்கல் சார் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார். அத்தனை வருஷத்தில் அந்த லைனில் தமிழ் கேட்டது அதுதான் முதல் தடவை.

"கண்டமங்கலமா! நம்ம பொண்ணு! சொல்லும்மா, உங்க ரெண்டு பேர்ல மொதல்ல யாரு அழுவீங்க?"

"நான்தான் சார். என் பொண்ணு அழமாட்டா."

"அப்ப கவலையே இல்ல. காலையில கீழாண்ட போ. சாப்ட்டுட்டு மத்தியானம் மேலாண்ட போ. மூணரைக்கெல்லாம் கெளம்பிடு. கண்ண மூடிக்கினு போலாம்."

வெள்ளைக்காரர்களிடம் ஈஸ்ட், வெஸ்ட் என்று பிசகாமல் சொல்கிற மனிதர், தமிழ் கேட்ட குஷியில் சரிவின் பெயரையும் நிறத்தையும் சொல்ல மறந்துவிட்டார். கீழாண்ட என்றால் கிழக்குப் பக்கம், மேலாண்ட என்றால் மேற்குப் பக்கம் என்று எங்கள் ஊரில் மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் மண் மேற்கே உயர்ந்து கிழக்கே கடலைப் பார்த்துச் சரிகிறது, அதனால் வந்த பேச்சு. பிரான்சில் வளர்ந்த பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? போனை வைத்த பிறகு அன்று முழுக்க அவர் தனக்குள் சிரித்துக்கொண்டேயிருந்தார். அருகில் உட்கார்ந்திருந்த எனக்கும் உறைக்கவில்லை.

சாயங்காலம் இங்கே ஏழே முக்கால். அங்கே மூன்றே கால். சார் மப்ளரை இழுத்துச் சுற்றிக்கொண்டு, "மேல மொத்தமா மூடிக்கிச்சி" என்றார். கேமராவைப் பார்த்தேன். திரை முழுக்க வெள்ளை. அப்போது போன் அடித்தது. எனக்கும் கேட்கட்டும் என்று சார் ஸ்பீக்கரைப் போட்டார். ஃபிலோமினாவின் குரலில் காற்று அடித்துக்கொண்டிருந்தது.

"சார், நீங்க சொன்ன மாதிரியே மேல வந்துட்டோம். இங்க ஒண்ணும் கண்ணு தெரியல. லிஃப்ட்டையும் நிறுத்திட்டாங்க."

"மேலயா? எந்த மேல?"

"நீங்கதான சார் சொன்னீங்க. காலையில கீழ, மத்தியானம் மேலன்னு. அதான் கடைசி லிஃப்ட் வரைக்கும் ஏறிட்டோம்."

 "மேற்க சொன்னேன்... நான் மேற்கயில்ல சொன்னேன்" என்று போனில் இல்லாமல் சறுக்கல் சார் என்னைப் பார்த்துச் சொன்னார். நான் இன்னொரு போனில் மலையிலிருக்கும் மீட்புக்காரர்களைப் பிடித்தேன். அங்கேயே நின்றால் குளிர் கொன்றுவிடும், கம்பங்களை விடாமல் மெதுவாக இறங்கட்டும், நாங்கள் கீழேயிருந்து ஏறி வருகிறோம் என்றார்கள். சரிவின் ஓரத்தில் நம்பர் போட்ட கம்பங்கள் இருக்கும். உச்சியில் இருபத்திநான்கு, அடியில் ஒன்று. ஒன்பதாம் கம்பத்தில் வழி இரண்டாகப் பிரிகிறது. வலது பக்கம் வந்தால் மரக்கூட்டம், மீட்புக்காரர்கள், உயிர். இடது பக்கம் போனால் கறுப்புச் சரிவு, அடுத்த பள்ளத்தாக்கு. அங்கே அவர்களை யாரும் தேடப்போவதில்லை.

"அம்மா, சோத்தாங்கை தெரியுமா உனக்கு?"

"தெரியும் சார். அம்மா சொல்லுவாங்க. சாப்பிடற கை."

"அவ்ளோதான். சோத்தாங்கை பக்கம் ஆரஞ்சு தல வெச்ச கம்பு வரும். அதத் தொட்டுக்கினே எறங்கு. பாப்பா உனக்கு முன்னால. நம்பர் சொல்லிக்கினே வா."

இருபத்திரண்டு என்றாள். பத்தொன்பது என்றாள். போனில் நாலு சதவீதம்தான் சார்ஜ் இருக்கிறது என்றாள். பதினாலு. பதினொண்ணு சார், என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே லைன் செத்தது. ஒன்பதைப் பற்றிச் சார் இன்னும் சொல்லவில்லை.

நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அணைந்துவிட்ட போன். சறுக்கல் சார் அதை லட்சியமே செய்யவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, செத்துப்போன அந்த லைனில் பேசிக்கொண்டேயிருந்தார்.

"பத்து. மெதுவா. ஆங்... ஒம்போது வருது, நில்லு. நில்லு பாப்பா. பீச்சாங்கை பக்கம் போவாத, அங்க பள்ளம். சோத்தாங்கை பக்கம் திரும்பு. அவ்ளோதான். எட்டு..."

ஆபீசில் அத்தனை பேரும் எழுந்து அவரைச் சுற்றி நின்றோம்.  அவர் பேசும்போது வாயிலிருந்து புகை வந்ததாக எதிர் மேஜைப் பெண் இன்றைக்கும் சத்தியம் செய்கிறாள். நான் பார்க்கவில்லை. எனக்குப் பார்க்கத் தைரியம் இல்லை, அதுதான் உண்மை. ஒன்று என்று சொல்லி முடித்ததும் சார் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

அரைமணி கழித்துப் போன் வந்தது. மீட்புக்காரர்களின் போனிலிருந்து ஃபிலோமினா.

"வந்துட்டோம் சார். ரெண்டு பேரும் நல்லா இருக்கோம்."

நான்தான் கேட்டேன், ஒன்பதில் எந்தப் பக்கம் என்று எப்படித் தெரிந்தது என்று.

"சார்தான் சொன்னாரே."

"உங்க போன் பதினொண்ணுலயே செத்துப்போச்சும்மா."

"ஆமாம்..." என்றாள்.  "ஆனா சொன்னாரு. முன்னாடியே நடந்து போய்க்கினு சொன்னாரு. தமிழ் தெரியாத என் பொண்ணு இங்க உக்காந்துக்கினு 'நில்லு, ஒம்போது'ன்னு சொல்லிட்டிருக்கா. நான் அவளுக்கு அந்த வார்த்தையெல்லாம் சொல்லிக்குடுத்ததே இல்ல. இந்த மீட்புக்காரங்க வேற, மூணாவது ஆள் எங்கன்னு தேடிக்கினு இருக்காங்க. எங்க தடத்துக்கு முன்னாடி செருப்புத் தடம் இருந்துச்சாம்."

சறுக்கல் சார் இது எதையும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. போனைப் பிடுங்கி, "என் வாய்தாம்மா. என் பாழாப்போன வாய்தான். கொழந்தையக் கொன்னுருப்பேனே" என்று குழந்தையாட்டம் அழுதார். கேட்டுக்கொண்டிருந்த நானும் அழுதேன். யாரிடமும் இதைச் சொன்னதில்லை, இங்கே எழுதுவதோடு சரி.

அன்றைக்கு ஒன்பது மணி பஸ்ஸில் இருவரும் ஏறினோம். எங்கள் இருவருக்கும் ஒரே வழிதான், அவர் நடுவில் மயிலம் கூட்டுரோட்டில் இறங்குவார், நான் திண்டிவனம் வரை போவேன். வழியெல்லாம் பனியைப் பற்றிப் பேசியே கழுத்தறுப்பார் என்று எப்போதும் நாலு சீட் தள்ளி உட்காருகிற ஆள் நான். அன்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.  அவருடைய பேன்ட்டின் கால்பகுதி முழங்கால் வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. வெளியே மழை இல்லை. ஆபீஸ் பாத்ரூம் குழாய் ஒழுகியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்றுவரை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். ஒருமுறை தொட்டுப் பார்த்தேன், கை ஐஸாக இருந்தது. என் துண்டை எடுத்து அவர்மேல் போர்த்தினேன். கூட்டுரோடு வந்தபோது கண்டக்டர், "மயிலம் எறங்கு, ஜல்தி ஜல்தி" என்று குரல் கொடுத்தார். வீட்டில் அவருக்காகக் காத்திருக்க யாரும் இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் வாயில் விரலை வைத்துக் கண்டக்டருக்குச் சாடை காட்டி, திண்டிவனத்துக்கு இன்னொரு டிக்கெட் வாங்கிக்கொண்டேன். பிறகு வீட்டுக்குப் போன் போட்டு, மெதுவான குரலில், இன்னொரு ஆளுக்கும் சேர்த்துச் சுடச்சுட ரசம் வைக்கச் சொன்னேன்.