மூக்குத்துரையின் மூன்று விசில்

1934 மார்ச் 12, திங்கட்கிழமை. வழக்கம்போல் கிணற்றடியில் குளித்து, கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து, தேங்காய்ச் சம்பலோடு ரொட்டி தின்று, குடையும் கையுமாக இரத்தினபுரி பஸ்ஸுக்குக் காத்து நின்றேன். அங்கே ஒரு வக்கீலிடம் எனக்கு எழுத்தர் வேலை. ஞாயிறு தவிர எல்லா நாளும் இதே ஒழுங்குதான். இந்த ஒழுங்கைக் குலைப்பதற்கென்றே உலகத்தில் பிறந்தவர் ஒருவர் உண்டு. அவர் எங்கள் பஸ் கண்டக்டர். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ரப்பர்த் தோட்டத்துக்கு ஒரு வெள்ளைக்காரத் துரை என்றால் பஸ்ஸுக்கு ஒரு மூக்குத்துரை.

மற்ற பஸ்கள் பெட்ரோலில் ஓடின. எங்கள் பஸ் மூக்குத்துரையின் அனுமதியில் ஓடியது. அவர் படியில் நிற்பார், ரோட்டைப் பார்த்து அல்ல, எங்களைப் பார்த்து. வண்டிக்குள் ஏதாவது வாடை என்று பட்டுவிட்டால் மூன்று விசில். டிரைவர் பண்டா பிரேக்கை மிதித்து, "ஆயெத்?" என்பார். மறுபடியுமா என்று சலித்துக்கொள்ளச் சிங்களத்தில் அந்த ஒரு சொல் போதும்.

பிறகு சடங்கு தொடங்கும். எஞ்சினை நிறுத்த வேண்டும். பிள்ளைக்காரிகள் முதலில் இறங்க வேண்டும். பீடிகள் அணைய வேண்டும். பக்கவாட்டுத் தார்ப்பாய்களைச் சுருட்டிக் கட்டுவார். அப்புறம் ஒவ்வொரு மூட்டையாகத் தூக்கி முகர்வார். முகரும்போது மூக்கு மூட்டையில் இருக்கும், கண் மட்டும் பக்கத்து ஆளின் முகத்தில் இருக்கும். அதைக் கர்வம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். கடைசியில் தீர்ப்பு: "மூணாம் வரிசை, ஒட்டுப்பால். கூரைக்கு ஏத்துங்க."

காய்ந்து நாறும் ரப்பர்ப் பாலான அந்த ஒட்டுப்பால் மட்டுமல்ல, இப்படிக் கூரைக்குப் போனவை பல: கருவாடு, தூரியன் பழம், மண்ணெண்ணெய்ப் போத்தல். ஒருமுறை, தலையில் ஏதோ வாசனைத் தைலத்தைக் கொட்டிக்கொண்டு வந்த கல்யாண மாப்பிள்ளையே கூரைக்குப் போனார். தாலி கட்டும் வரை அவர் தலையில் ரப்பர் இலை ஒட்டியிருந்ததாகக் கேள்வி.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. காலையில் முன் ஆசனத்தில் யார் ஏறினாலும் தம் சோற்றுப் பொட்டலத்தை ஏறியவர் மூக்கருகே நீட்டுவார். "மோந்து பாருங்க ஐயா, எப்படி?" பெண்டாட்டி சமையலைப் பற்றி இத்தனை பெருமையா என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

முந்திய வாரம் விவகாரம் முற்றியது. எங்கள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை முன் ஆசனத்தில்தான் வருவார். ரப்பர் மரத்தில் பால்வெட்டும் சனங்கள் ஏறினால் உடனே கைக்குட்டை மூக்குக்குப் போகும். அன்று அந்தக் கைக்குட்டையைப் பார்த்து மூக்குத்துரை விசில் ஊதினார், எல்லாரையும் இறக்கினார், தீர்ப்புச் சொன்னார்:

"முன் வரிசை, காலுறை. கூரைக்கு ஏத்துங்க."

"காலுறையையா, ஆளையா?" என்று கேட்டாள் பால்வெட்டும் மாரியாயி.

கணக்கப்பிள்ளை பஸ் முதலாளியிடம் புகார் கொண்டு போனார். முதலாளி மாவனல்லை ஊர் முஸ்லிம். அவர் நேரிலேயே வந்து சொல்லிவிட்டார்: "திங்கக்கெழமெ நானும் பஸ்ஸில வாறேன். இன்னொருக்கா சும்மா விசில் ஊதினா ஒனக்கு வேலெ இல்ல. வெளங்கிச்சா?"

ஆகவே அந்தத் திங்கட்கிழமை, பஸ் வருவதற்கு முன்பே மாரியாயி எங்களைக் கூட்டி ஆணை பிறப்பித்தாள்.

"கருவாடு, ஒட்டுப்பால் வச்சிருக்கிறவங்க எல்லாம் அடுத்த பஸ்ல வாங்க. ஒருத்தர் மூக்கைச் சுளிச்சாப் போதும், அந்தாளுக்கு ஒடனே மோப்பம் வந்துருது. எது நாறுனாலும் மூஞ்சிய நேரா வச்சுக்குங்க. புள்ளகுட்டிக்காரன், வேல போயிரும்."

"நானுமா?" என்றார் கணக்கப்பிள்ளை.

"நீங்கதான் மொதல்ல. அந்தக் கைக்குட்டைய உள்ள வையுங்க."

பஸ் வந்தது. முதலாளி காதில் அத்தர்ப் பஞ்சோடு முன் ஆசனத்தில் இருந்தார். அவருக்குக் கீழே பெட்ரோல் தொட்டி. அவருக்கு அந்தப் பக்கம் நான், இந்தப் பக்கம் கணக்கப்பிள்ளை.

தோட்டத்தில் ரப்பர் உலர்த்தும் புகைக்கூட்டைத் தாண்டும்போது கருகல் வாடை வந்தது. அந்த இடத்தில் அது வழக்கம்தான். புகைக்கூடு பின்னால் போயிற்று. வாடை மட்டும் எங்களோடு வந்தது. பிறகு முற்றியது. துணி எரிகிற நெடி. எனக்குத் தொண்டை கமறியது. கணக்கப்பிள்ளையின் கண்ணில் நீர் வழிந்தது, வாய் சிரித்தது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். அத்தனை பேரும் முதுகை நிமிர்த்தி, மூச்சை அடக்கி, சாமி புறப்பாட்டைப் பார்ப்பதுபோல் அமர்ந்திருந்தார்கள். அத்தரில் மூழ்கியிருந்த முதலாளி மட்டும் உண்மையிலேயே நிம்மதியாக இருந்தார்.

மூக்குத்துரை எங்களை ஒருமுறை பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். விசிலை வாயில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். மூன்று முறை ஊதினார்.

"ஆயெத்?" என்றார் பண்டா.

"என்னாடா நாறுது?" முதலாளி குதித்தார். "எனக்கு அத்தர்தான் மணக்குது. யாருக்காச்சும் நாறுதா? சொல்லுங்க!"

நாங்கள் கட்டுப்பாடான சனம். "இல்லை" என்றோம், ஒரே குரலில்.

துரையின் முகம் வெளுத்தது. அந்த "இல்லை"யே அவர் வேலையைத் தின்றுவிடும் என்று அப்போதுதான் மாரியாயிக்கு உறைத்தது. "ஐயோ, நாறுதுங்க மொதலாளி! அப்பப் புடிச்சே நாறுது! மூச்சு முட்டுது!"

"எல்லாரும் எறங்குங்க, புள்ளைக்காரங்க மொதல்ல. நீங்களும் எறங்குங்க மொதலாளி," என்றார் துரை. குரல் நடுங்கியது, சடங்கு நடுங்கவில்லை. இறங்கினோம். நீர் வழியும் கணக்கப்பிள்ளையின் கண்ணை ஒருமுறை பார்த்துவிட்டு, துரை முன் ஆசனப் பலகையைத் தூக்கினார். எண்ணெய்த் துணி ஒன்று புகைக்குழாய்மேல் விழுந்து கனிந்துகொண்டிருந்தது, பெட்ரோல் தொட்டியை ஒட்டி. பண்டா ரோட்டோரக் கான் மண்ணை அள்ளி அள்ளிப் போட்டு அணைத்தார்.

தாம் எதன்மேல் உட்கார்ந்து வந்தோம் என்று முதலாளி குனிந்து பார்த்தார். "அல்லாவே! என்னா மூக்குடா ஒனக்கு!" என்றார். மூக்குத்துரையின் வேலை பிழைத்தது. கணக்கப்பிள்ளை தாமாகவே பின்வரிசையில் போய் உட்கார்ந்தார்.

மாலை திரும்புகையில் பஸ் காலியாக இருந்தது. அத்தருக்கு நடுவிலும் அதை எப்படி மோப்பம் பிடித்தார் என்று மூக்குத்துரையிடம் கேட்டேன். அவர் குனிந்து மெதுவாகச் சொன்னார்:

"யார்ட்டயும் சொல்லிப்புடாதீங்க ஐயா. எனக்கு மோப்பமே கெடையாது. காய்ச்சல்ல போச்சு. முன்ன வேல பாத்த பஸ்ஸு எரிஞ்சப்போ எல்லாருக்கும் நாறியிருக்கு, ஒருத்தரும் சொல்லல. எனக்குத் தெரியவும் இல்ல. ஆளுங்க தப்பிச்சது சாமி புண்ணியம். அதுலேருந்து ஒங்க மூஞ்சியப் பாத்துத்தான் ஊதுறேன்."

"இன்று ஒருவரும் முகம் சுளிக்கவில்லையே?"

"அதாங்க. கருவாட்டுக்கும் சுளிக்கிற சனம், போட்டோவுக்கு ஒக்காந்த மாதிரி இருந்தா என்ன அர்த்தம்?"

மறுநாள் செவ்வாய்க்கிழமை. பஸ் ஏறியதும், குடையைக்கூட மடக்காமல், முதலில் அவர் கையிலிருந்த சோற்றுப் பொட்டலத்தை வாங்கிப் பிரித்து முகர்ந்து பார்த்தேன்.

"பலாக்கொட்டைக் கறி. கெட்டுப்போகவில்லை. மத்தியானம் தாராளமாகச் சாப்பிடலாம்," என்றேன்.