மார்பளவுத் தண்ணீர்

பூமிக்கு மேலே எங்கு பார்த்தாலும் வனஜாவின் ஆட்சி நடந்தபடியால், பூமிக்குக் கீழே ஓர் அறை கட்டிக்கொள்வது என்று இராஜமாணிக்கம் முடிவு செய்தார்.

சாதாரண முடிவல்ல. கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அவர் யாரையும் கேட்காமல் எடுத்த முதல் முடிவு. வைட்ஃபீல்டு தாண்டி ஏரிக்கரை லேஅவுட்டில் அவர்களுக்கு முப்பதுக்கு நாற்பது அடியில் ஒரு சைட், அதாவது மனை, உண்டு. அதிலிருக்கும் மாடியில்லாத பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். ஹால், சமையலறை, பூஜை அறை எல்லாம் வனஜா சொல்கிறபடி. அடியில் ஒரு பேஸ்மென்ட் மட்டும் இவர் சொல்கிறபடி. அங்கே சாய்வு சோபா, சுவர் அகல டிவி, நாள் முழுக்கக் கிரிக்கெட், கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள். வீட்டுக்கு இன்னும் கடைக்கால் தோண்டவில்லை. தாழ்ப்பாளை மட்டும் வாங்கி ஆபீஸ் பையில் ஒளித்து வைத்திருந்தார்.

ஒரே ஒரு இடைஞ்சல். வீட்டுக்குப் பின்னால் ராஜகாலுவே ஓடுகிறது. பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் ஓடுவதற்கான பெரிய மழைநீர்க் கால்வாய் அது. மற்ற நாட்களில் கொசுக்களுக்குப் பிறந்த வீடு. மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு செப்டம்பர் மழையில் அது கரை மீறி, தெருவிலிருந்த செருப்பையெல்லாம் கூட்டிக்கொண்டு இராஜமாணிக்கத்தின் ஹாலுக்குள் வந்துவிட்டது. முழங்கால் அளவுத் தண்ணீர். வனஜாவின் கிரைண்டர் போயிற்று. பீரோவின் அடித்தட்டில் இருந்த கல்யாணப் பட்டுப்புடவை சேறாயிற்று. கட்டில்மேல் மகள் வித்யாலட்சுமியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து வனஜா அழுதாள். அன்றிலிருந்து வானம் கறுத்தால் எல்லோரும் மேலே பார்ப்பார்கள். அவள் தரையைப் பார்ப்பாள்.

அந்த மழையில் இராஜமாணிக்கத்துக்கு ஒரு லாபமும் உண்டு. எட்டு நாள் ஆபீஸ் போகவில்லை, வீட்டிலிருந்தே வேலை. அதை எப்படி வாங்கினார் என்பது பிறகு வரும்.

"பள்ளத்துல குடியிருந்து பட்டது போதாதா? அதுக்குள்ள இன்னொரு பள்ளம் தோண்டணுமா?" என்றாள் வனஜா, பேஸ்மென்ட் என்ற சொல்லைக் கேட்டதும்.

"அது நூறு வருஷத்துக்கு ஒருக்கா வர்ற மழை, வனஜா."

"அடுத்த வருஷமும் வாசப்படி வரைக்கும் வந்துச்சே. அது எந்த நூறு வருஷம்?"

"சும்மா எட்டிப் பாத்துட்டுப் போச்சு."

"நான் சொல்றதைக் கேளுங்க. தூண் எழுப்பி, வீட்டை உசரத்துல கட்டலாம். தண்ணி வந்தா அது பாட்டுக்கு அடியில போகட்டும்."

"நான் என்ன கொக்கா, கால் நீட்டி உசரத்துல நிக்க?"

"கொக்குக்குக் கூட தண்ணில எங்க நிக்கணும்னு தெரியும்ங்க."

"மாநகராட்சியில பேஸ்மென்ட்டுக்கு அனுமதி வாங்கறது என் பொறுப்பு. வாங்கிட்டா ஒத்துக்கிறியா?"

"வாங்கிட்டு வாங்க. ஒத்துக்கிறேன்."

இப்படி ஒரு சொல் வனஜாவின் வாயிலிருந்து வந்ததும் இராஜமாணிக்கத்துக்குத் தரையில் கால் பாவவில்லை. விசாரித்தார். தாழ்வான இடத்தில் வீடு கட்டுவதென்றால் வெறும் பிளானைப் பார்த்து முத்திரை குத்திவிட மாட்டார்களாம். இன்ஜினியர் நேரில் வந்து, முன்பு எவ்வளவு தண்ணீர் வந்தது என்று பார்ப்பாராம். அக்கம்பக்கத்து சைட்காரர்களுக்கும் நோட்டீஸ் போகுமாம். இராஜமாணிக்கம் ஹால் சுவரைப் பார்த்தார். அங்கே முழங்கால் உயரத்தில், யாரோ ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி, பழுப்பாக ஒரு தண்ணீர்க் கோடு.

ஞாயிற்றுக்கிழமை ஒரு டின் டிஸ்டெம்பரும் பிரஷ்ஷுமாக அவர் களத்தில் இறங்கினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவர்கள் உண்டு. ஏரித் தண்ணீரைச் சுண்ணாம்பில் மறைக்கத் துணிந்தவர் இவர் ஒருவர்தான்.

வனஜா காப்பியோடு வந்து நின்று பார்த்தாள்.

"ஏங்க, இடிக்கப் போற வீட்டுக்கு எதுக்கு வெள்ளை?"

"இடிக்கிறதுன்னாலும் ஒரு மரியாதை வேணாமா? பதினோரு வருஷம் நம்மள வச்சிருந்த வீடு. கடைசியா ஒரு நல்ல துணி கட்டி அனுப்பறேன்."

"உங்க மனசு யாருக்கு வரும்!"

"வெள்ளிக்கிழமை இன்ஜினியர் வர்றார். தண்ணி வரலன்னு சொல்லிடு."

"பொய் சொல்ல மாட்டேன்."

"சரி, பொய் வேணாம். வாயையே திறக்காத. அது போதும்."

"சரிங்க. வாயே திறக்கல."

பதினாறு வருடத்தில் அவள் இவ்வளவு சுலபமாகச் சரி என்று சொன்னதில்லை. கொஞ்சம் உலகம் தெரிந்தவராக இருந்தால் அங்கேயே பிரஷ்ஷைக் கீழே வைத்திருப்பார். இராஜமாணிக்கம் உள்ளே போய்த் தாழ்ப்பாளை எடுத்து ஒரு தடவை திறந்து மூடிப் பார்த்துக்கொண்டார். வழவழவென்று போயிற்று.

வெள்ளிக்கிழமை காலை உதவி இன்ஜினியர் கோவிந்தப்பா டேப்பும் மேப்புமாக வந்தார். நல்ல மனிதர். கன்னடம் கலந்த தமிழ் பேசினார், 'பாருங்க' என்பதற்கு 'நோடி' என்பார். காப்பி வேண்டாம் என்றார். அது நல்ல சகுனமாக இராஜமாணிக்கத்துக்குப் படவில்லை.

"நோடி சார், மேப்புல உங்க லேஅவுட் முழுக்க நீலம். எவ்ளோ தண்ணி வந்தது?"

"தெருவுல வந்திருக்கும் சார். எங்க வீட்டுக்குள்ள ஒரு சொட்டு வரல. சந்தேகம்னா சுவரைப் பாருங்க."

கோவிந்தப்பா சுவரைத் தடவினார். விரலில் வெள்ளை ஒட்டியது.

"புது பெயிண்ட்டா?"

"பண்டிகை வருதே சார்."

"எந்தப் பண்டிகை?"

"எது முதல்ல வருதோ அது சார்."

கோவிந்தப்பா கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டார். "மேடம், நீங்க சொல்லுங்க."

வனஜா சொன்ன சொல் தவறாதவள். வாயைத் திறக்கவில்லை. கைபேசியைத் திறந்து அவர் முன்னால் நீட்டினாள்.

அந்தப் படத்தில் இராஜமாணிக்கம் இதே ஹாலில் மார்பு வரை தண்ணீரில் இருந்தார். இரண்டு கையாலும் லேப்டாப்பைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். முகத்தில் கப்பலோடு சேர்ந்து மூழ்கத் தயாராகிவிட்ட கேப்டனின் களை. உள்ளதைச் சொன்னால், முழங்கால் தண்ணீரில் அவர் குத்துக்காலிட்டுக் குந்தியிருந்தார். முழங்கால் தண்ணீருக்கெல்லாம் மேனேஜர் மனம் இரங்க மாட்டார் என்பதற்காக எடுத்த படம். எட்டு நாள் லாபம் வந்த வழி அதுதான்.

"அது வந்து சார்..." என்று இராஜமாணிக்கம் ஆரம்பிப்பதற்குள் வாசலில் ஒரு குரல் கேட்டது.

"மாணிக்கம், உள்ள வரலாமா?"

மேனேஜர் ஸ்ரீஹர்ஷா! பக்கத்துக் காலி சைட்டைப் போன மாதம் வாங்கியிருப்பவர். வெள்ளிக்கிழமை காலையில் மீட்டிங்கை விட்டு இவர் அசையமாட்டார் என்று நம்பித்தான் இராஜமாணிக்கம் அந்த நாளையே கேட்டு வாங்கியிருந்தார்.

"மேடம் நேத்து போன் பண்ணாங்க. பக்கத்து சைட்காரர் கண்டிப்பா வரணும்னாங்க. அதான் மீட்டிங்கைத் தள்ளிப் போட்டுட்டேன்" என்றபடி உள்ளே வந்தவர், படத்தைப் பார்த்ததும் நெகிழ்ந்துவிட்டார். "இந்தப் போட்டோவா! சார், இது எங்க ஆபீஸ்ல ரொம்ப பிரசித்தம். மார்பளவு தண்ணில நின்னுட்டு லேப்டாப்பைக் காப்பாத்தியிருக்கார் பாருங்க. இதைக் காட்டித்தான் இவருக்கு வீட்லேர்ந்து வேலை பாக்க பர்மிஷன் வாங்கினேன். அந்த வருஷம் கடமை உணர்ச்சிக்கு ஷீல்டும் குடுத்தோம்!"

ஷீல்டு அலமாரியில்தான் இருந்தது. கோவிந்தப்பா அதையும் பார்த்தார், படத்தையும் பார்த்தார். பிறகு படத்தைப் பெரிதாக்கி மறுபடி பார்த்தார். இருபது வருடமாக வெள்ளம் வந்த வீடுகளைப் பார்க்கிற கண்.

"நோடி சார், ரூல் இது. மொழங்கால் வரைக்கும்தான் தண்ணின்னா, வாசலை உசத்தி, சுவரைப் பலமா போட்டு, பேஸ்மென்ட் குடுக்க வழி இருக்கு. அதுக்கு மேலன்னா மண்ணுக்குள்ள ஒண்ணும் கெடையாது. தூண் மேலதான் வீடு. அதனால ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், நிஜம் சொல்லுங்க. இந்தப் போட்டோல நீங்க நின்னுட்டு இருக்கீங்களா, உக்காந்துட்டு இருக்கீங்களா?"

இராஜமாணிக்கம் அலமாரியிலிருந்த ஷீல்டைப் பார்த்தார்.

உட்கார்ந்திருந்தேன் என்றால் பேஸ்மென்ட் கிடைக்கும். சோபா, டிவி, தாழ்ப்பாள் எல்லாம் கிடைக்கும். ஷீல்டு போகும், எட்டு நாள் போகும், ஸ்ரீஹர்ஷாவின் முகத்தில் ததும்பும் அந்த மரியாதை போகும், வேலையே போனாலும் போகும். உண்மையைச் சொன்னாலே கிடைத்திருக்கக்கூடிய பேஸ்மென்ட்டுக்காக வேலைமெனக்கெட்டு இவர் சுவருக்கு வெள்ளை அடித்திருக்கிறார்! திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

"நின்னுட்டு... இருந்தேன் சார்."

"ஆயித்து. சுவர் பக்கம் வாங்க."

புது வெள்ளைச் சுவரில் அவரைச் சாய்த்து நிறுத்தினார் கோவிந்தப்பா. இராஜமாணிக்கம் கடைசி முயற்சியாக முழங்காலை மெல்ல மடக்கினார். ஓரிரண்டு அங்குலமாவது குறையட்டுமே! வனஜா வாயைத் திறக்கவில்லை. கிட்டே வந்து, இரண்டு தோளையும் பிடித்து நிமிர்த்தி விட்டாள். மார்புக்கு நேராகப் பென்சில் கோடு விழுந்தது. நான்கடி. பாதுகாப்புக்கு மேலே இரண்டடி. ஆறடி உயரத்துக்குக் கீழே வாகனம் நிறுத்தலாம், வேறு எதுவும் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பக்கத்து சைட்காரர் என்ற முறையில் ஸ்ரீஹர்ஷாவும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்.

இருவரும் போனதும் இராஜமாணிக்கம் வெடித்தார்.

"நான் குந்திட்டு இருந்தேன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன? 'இன்னும் கொஞ்சம் குந்துங்க, முட்டி தெரியுது'ன்னு சொல்லி எடுத்ததே நான்தானே."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"வாயே திறக்காதன்னு நீங்கதானே சொன்னீங்க."

வீடு எழும்பியது. ஆறடித் தூண்களின்மேல் லேஅவுட்டையே பார்த்தபடி நின்றது. கிரகப்பிரவேசத்தன்று வனஜா படியேறிப் போய் நடு ஹாலில் புதுக் கிரைண்டரை வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த இராஜமாணிக்கத்துக்கே ஒரு கணம், தோற்றதும் நல்லதுக்குத்தான் என்று தோன்றியது. ஆபீஸ் பையில் கிடந்த தாழ்ப்பாள் சமையலறைக் கதவுக்குப் போயிற்று, வெளிப்பக்கமாக.

அடுத்த செப்டம்பரில் மழை கொட்டியது. ராஜகாலுவே பொங்கி, தெரு முழுக்க முழங்கால் தண்ணீர். அது தூண்களுக்கு நடுவே சலசலவென்று போய்க்கொண்டிருந்தது. மேலே ஒரு சொட்டு ஈரமில்லை. பல வருடத்துக்குப் பிறகு வனஜா மழையை ரசித்தபடி பஜ்ஜி போட்டாள். இராஜமாணிக்கமும் உற்சாகமாக லுங்கியை மடித்துக் கட்டினார்.

"வனஜா, போனை எடு. நான் கீழ இறங்கிக் குந்தறேன். இந்தத் தடவை கழுத்து வரைக்கும். பத்து நாள் நிச்சயம்."

அவர் முதல் படியில் கால் வைக்கும்போது டபடபவென்று ஒரு சத்தம். தெருவில் தண்ணீரைப் பிளந்துகொண்டு ஒரு டிராக்டர் வந்தது. பின்னால் தொட்டியில் ஏழெட்டு ஐடி கம்பெனிக்காரர்கள் அடையாள அட்டையும் குடையுமாக நின்றார்கள். முன்னணியில் ஸ்ரீஹர்ஷா!

"வாங்க மாணிக்கம், ஆபீஸ் போகலாம்! ஆறடி உயரத்துல வீடு, உங்களுக்கென்ன கவலை!"

"டிராக்டரை இங்க யாருடி வரச் சொன்னது?" என்று பல்லைக் கடித்தார் இராஜமாணிக்கம்.

வனஜா ஒரு கையில் லேப்டாப் பையும் மறு கையில் சாப்பாட்டு டப்பாவும் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நான்தாங்க. ரெண்டே படி இறங்குங்க, தொட்டி சரியா அந்த உசரம்தான். குந்தினாக்கூட கால் நனையாது."